டோரதி ஆஷ்பி: ஹார்ப்ல பீபாப் வாசிச்சவங்களுக்கு உரிய இடம் கிடைச்சுதா?

பழைய_எல்பி

ஜாஸ்னா எல்லாருக்கும் டிரம்பெட், சாக்ஸஃபோன், பியானோ, டிரம்ஸ் இதான் ஞாபகம் வரும். ஹார்ப்னா (பெரிய யாழ் மாதிரி நிமிர்ந்து நிக்கிற தந்தி வாத்தியம்) சர்ச், சிம்ஃபனி, சினிமால கனவு சீன் வர்றப்ப மேலேர்ந்து கீழ ஓடுற அந்த ஒரு சத்தம், அவ்ளோதான். இந்த ரெண்டையும் சேத்து, அதுவும் 1950கள்ல, டெட்ராய்ட்ல ஒரு கறுப்பினப் பெண் தன்னோட சொந்த டிரியோ வச்சு கிளப் கிளப்பா வாசிச்சிருக்காங்க. பேரு டோரதி ஆஷ்பி. வாசிச்சது பீபாப், அதாவது 1940கள்ல சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி மாதிரி ஆளுங்க கொண்டு வந்த, வேகமும் சிக்கலும் கூடின ஜாஸ்.

சுருக்கமா சொல்லிடறேன், தெரியாதவங்களுக்காக. 1932ல டெட்ராய்ட்ல பிறந்தவங்க. அப்பா வைலி தாம்ப்சன் ஜாஸ் கிட்டாரிஸ்ட், வீட்டுக்கு வர்ற மியூசிஷியன்ஸ் கூட அவர் வாசிக்கிறப்ப சின்னப் பொண்ணு பியானோல உக்காந்து கூட வாசிக்கும். அப்புறம் கேஸ் டெக்னிக்கல் ஹைஸ்கூல்ல ஹார்ப், வேய்ன் ஸ்டேட் யுனிவர்சிட்டில பியானோவும் மியூசிக் எஜுகேஷனும். 1952ல சொந்தமா ஒரு ஹார்ப் வாங்குறாங்க. 1957ல முதல் ஆல்பம் ‘தி ஜாஸ் ஹார்ப்பிஸ்ட்’. 58ல ‘ஹிப் ஹார்ப்’, ‘இன் எ மைனர் க்ரூவ்’, 61ல ‘சாஃப்ட் விண்ட்ஸ்’, 62ல பேரையே தலைப்பா வச்சு ஒண்ணு, 65ல அட்லாண்டிக் லேபிள்ல ஒண்ணு, 68ல ‘ஆஃப்ரோ ஹார்ப்பிங்’, 69ல ‘டோரதீஸ் ஹார்ப்’, 70ல ‘ருபாய்யாத்’. கடைசில 84ல ரெண்டு. 86 ஏப்ரல்ல கேன்சர்ல போயிட்டாங்க.

என்னோட ஆதங்கம் இதான்: இவங்களைப் பத்தி இன்னைக்கு பேசுறவங்க ரெண்டே விதமாத்தான் பேசுறாங்க. ஒண்ணு, "ஹிப்ஹாப்காரங்க பழைய ரெக்கார்ட்லேர்ந்து துண்டு எடுத்து, அதாவது சாம்பிள் பண்ணி, போட்டாங்களே அந்தம்மா". ரெண்டு, "ஆலிஸ் கோல்ட்ரேனுக்கு முன்னாடி ஒருத்தங்க இருந்தாங்களாமே". (ஆலிஸ், ஜான் கோல்ட்ரேனோட மனைவி, அவங்களும் ஜாஸ் ஹார்ப்பிஸ்ட்.) ரெண்டுலயும் ஆஷ்பி வேற யாருக்கோ முன்னுரையா ஆயிடறாங்க. 57லேர்ந்து 65 வரைக்கும் அவங்க பண்ண வேலையை மட்டும் எடுத்துப் பாத்தாலே போதும், ஹார்ப்பை ஒரு முழு ஜாஸ் வாத்தியமா நிறுத்துனது அவங்கதான்னு நான் நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?

ஹிப்ஹாப்_பித்தன்

அண்ணா சாம்பிளை ஏன் அவ்ளோ லேசா சொல்றீங்க, நான் டோரதி ஆஷ்பியைக் கண்டுபிடிச்சதே அது வழியாத்தான். ‘ஆஃப்ரோ ஹார்ப்பிங்’ல ‘சோல் வைப்ரேஷன்ஸ்’ ஆரம்பிக்கிறப்பயே தெரமின் (தொடாமலே வாசிக்கிற எலக்ட்ரானிக் வாத்தியம்) மாதிரி ஒண்ணு அலையும், அப்புறம் டிரம்ஸ் விழும், அந்த டிரம்ஸோட கனம் 1968ல ரெக்கார்ட் பண்ணதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. பீட் ராக் மாதிரி ஹிப்ஹாப் புரொட்யூசருங்க பழைய ரெக்கார்ட் கடைல குனிஞ்சு தேடி இந்த எல்பியெல்லாம் எடுக்கலன்னா இந்நேரம் இதெல்லாம் குடோன்ல மக்கிப் போயிருக்கும். ஒரு கலைஞரோட பேர் உயிரோட இருக்கிறதுக்கு எந்த வழி உதவுச்சோ அந்த வழிக்கு நன்றி சொல்லணும்னு தோணுது எனக்கு.

கரகரப்பிரியன்

நான் கர்நாடக சங்கீதம் கேக்குற ஆளு, ஜாஸ் கொஞ்சம்தான். ஒரு அடிப்படை கேள்வி. ஹார்ப்ல ஜாஸ் வாசிக்கிறது அவ்ளோ பெரிய விஷயமா? பியானோ மாதிரி நிறைய தந்தி இருக்கு, ரெண்டு கை இருக்கு, வாசிக்க வேண்டியதுதானே? தப்பா எடுத்துக்காதீங்க, உண்மையிலேயே தெரியாமத்தான் கேக்குறேன்.

நாப்பத்தேழு_தந்தி

நல்ல கேள்வி, கரகரப்பிரியன் சார். நான் கொஞ்ச வருஷம் ஹார்ப் கத்துக்கிட்டவ, அதனால இதை நான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

பியானோல ஒரு ஆக்டேவுக்கு, அதாவது ஒரு ஸ்தாயிக்கு, 12 கட்டை இருக்கு, எந்த ஸ்வரம் வேணுமோ விரலை வச்சா வரும். பெடல் ஹார்ப்ல 47 தந்தி, ஆனா ஆக்டேவுக்கு ஏழுதான். உங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா ச ரி க ம ப த நி மட்டும்தான் தந்தியா கட்டியிருக்கும். மீதி ஸ்வரத்துக்கு கீழ ஏழு பெடல், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு பெடல், ஒவ்வொரு பெடலுக்கும் மூணு நிலை: ஃப்ளாட் (அரை ஸ்வரம் கீழ), நேச்சுரல், ஷார்ப் (அரை ஸ்வரம் மேல). நம்ம ஊர்ல ஸட்ஜமும் பஞ்சமமும் நகராது, இங்க அதுக்கும் கூட மூணு நிலை உண்டு. இடது காலுக்கு மூணு பெடல், வலது காலுக்கு நாலு. இந்த மெக்கானிசத்துக்கு 1810ல செபாஸ்டியன் எரார்ட் பேட்டண்ட் வாங்கினாரு, இன்னைக்கு வரைக்கும் அடிப்படை அதேதான்.

இப்ப சிக்கல் எங்கன்னா (சி, டி, பி எல்லாம் மேற்கத்திய ஸ்வரப் பேரு), சி பெடலை ஷார்ப்ல தள்ளினா கீழேர்ந்து மேல வரைக்கும் இருக்கிற எல்லா சி தந்தியும் ஷார்ப் ஆயிடும். இடது கைல சி நேச்சுரல் வேணும், வலது கைல சி ஷார்ப் வேணும்னா நேரடியா வராது. பி பெடலை ஷார்ப்புக்குத் தள்ளி பி தந்தியை சி மாதிரி ஒலிக்க வைக்கணும், இல்லன்னா டி பெடலை ஃப்ளாட்டுக்குக் கொண்டு வந்து டி தந்தியை சி ஷார்ப்பா யூஸ் பண்ணணும். இதையெல்லாம் முன்னாடியே மனசுல கணக்குப் போட்டு வச்சிருக்கணும். கிளாசிக்கல்ல பரவால்ல, எழுதி வச்ச மியூசிக், எந்த இடத்துல எந்த பெடல்னு பென்சில்ல குறிச்சு வச்சுக்கலாம். பீபாப்ல கார்ட் (சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) ரெண்டு பீட்டுக்கு ஒருக்கா மாறும், நடுவுல குரோமாட்டிக்கா, அதாவது அரை அரை ஸ்வரமா ஓடும், எல்லாமே அந்த நிமிஷத்துல தோணி வாசிக்கிறது. கை யோசிக்கிறதுக்கு முன்னாடி கால் யோசிச்சிருக்கணும்.

அதோட இன்னொண்ணு, ஹார்ப் தந்தியை மீட்டிட்டா அது பாட்டுக்கு ஒலிச்சிட்டே இருக்கும், பியானோ மாதிரி கையை எடுத்தவுடனே நிக்காது. கையால அமுக்கி நிறுத்தணும். நிறுத்தலன்னா போன கார்டும் வர்ற கார்டும் கலந்து குழம்பாயிடும், ஸ்விங்கே, ஜாஸோட அந்தத் துள்ளல் நடையே, வராது. பெடல் மாத்துறப்ப அந்தத் தந்தி ஒலிச்சிட்டு இருந்தா ஜங்குனு ஒரு உரசல் கேக்கும். சுண்டு விரலும் யூஸ் பண்ண மாட்டாங்க, கைக்கு நாலு விரல்தான். இவ்வளவையும் தாண்டி அவங்க வாசிக்கிறதுல எங்கயும் கஷ்டப்படுற மாதிரியே தெரியாது. ‘ஹிப் ஹார்ப்’ ஆல்பத்துல அவங்களே எழுதின ‘பாக்கி’ கேளுங்க, ஒவ்வொரு ஸ்வரமும் எங்க முடியணுமோ அங்க முடியும். நான் அதைக் கேட்டுட்டு என் வாத்தியத்தைப் பாத்தப்ப ஒரு மரியாதையும் வந்துச்சு, ஒரு மலைப்பும் வந்துச்சு.

கரகரப்பிரியன்

அம்மா, ரொம்ப நன்றி. ஸட்ஜம் நகரும்னு சொன்னீங்களே, அங்கயே எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஆதாரமே நகருற வாத்தியத்துல கற்பனையா வாசிக்கிறதுன்னா... இன்னைக்கு ராத்திரி கேக்குறேன்.

நீல_ஸ்வரம்

எல்லாம் சரி, ஆனா "முதல்"னு மட்டும் சொல்லிடாதீங்க யாரும். கேஸ்பர் ரியர்டன் 1930கள்லயே ஹார்ப்ல ஜாஸ் வாசிச்சவரு, 1934ல ஜாக் டீகார்டன் கூட ‘ஜங்க் மேன்’ ரெக்கார்டிங் இருக்கு. 1941லயே இறந்துட்டாரு பாவம், சின்ன வயசு. அடெல் ஜிரார்ட் இருந்தாங்க, புருஷன் ஜோ மார்சலா கிளாரினெட், அவர் பேண்ட்ல நியூயார்க்ல வாசிச்சவங்க, நல்ல ஸ்விங். அதனால ஆஷ்பி வர்றதுக்கு முன்னாடி ஹார்ப்புக்கு ஜாஸே தெரியாதுன்னு சொன்னா அது சரியில்ல.

என்னோட இன்னொரு கேள்வி, கொஞ்சம் கசப்பா இருந்தாலும் கேட்டுடறேன். ஜாஸ்ல இந்த மாதிரி வித்தியாசமான வாத்தியம் எடுத்தவங்க லிஸ்ட் பெருசு. ஃபிலடெல்ஃபியால ரூஃபஸ் ஹார்லி, 1963ல கென்னடி இறுதி ஊர்வலத்துல ஸ்காட்லாந்துப் படைக்காரங்க வாசிச்ச பேக்பைப்பைப் பாத்துட்டு தானும் ஒண்ணு வாங்கி 65ல ‘பேக்பைப் ப்ளூஸ்’னு ஆல்பமே போட்டாரு. ராசான் ரோலண்ட் கிர்க் ஒரே நேரத்துல மூணு சாக்ஸை வாயில வச்சு ஊதுவாரு. ஸ்டீவ் டுர்ரே சங்கு ஊதுறாரு. டூட்ஸ் தீல்மன்ஸ் மவுத் ஆர்கன். இதுல வாத்தியத்தோட புதுமை போனா என்ன மிச்சம்னு பாக்கணும். டூட்ஸ் விஷயத்துல மிச்சம் நிறைய இருக்கு, மவுத் ஆர்கனை மறந்துட்டு வெறும் மெலடியா கேட்டாலும் அவர் பெரியவரு. ஆஷ்பி விஷயத்துல என்ன மிச்சம்? அதைச் சொல்லுங்க.

பழைய_எல்பி

நீல_ஸ்வரம், ரியர்டனும் ஜிரார்டும் பெரியவங்கதான், மறுக்கல. ஆனா அவங்க காலம் ஸ்விங் காலம், பீபாப்புக்கு முன்னாடி இருந்த டான்ஸ் ஜாஸ். அந்தக் காலத்து கார்ட் நகர்வு வேற, பார்க்கரும் கில்லெஸ்பியும் வந்த பின்னாடி இருக்கிற ஹார்மனி வேற. அந்தப் புது மொழியை ஹார்ப்ல பேசுனது ஆஷ்பி.

மிச்சம் என்னன்னு கேட்டீங்க. ‘இன் எ மைனர் க்ரூவ்’ ஆல்பத்தோட ஆளுங்களைப் பாருங்க. ஃப்ராங்க் வெஸ் ஃப்ளூட், ஹெர்மன் ரைட் பாஸ், ராய் ஹெய்ன்ஸ் டிரம்ஸ், ஆஷ்பி ஹார்ப். அவ்ளோதான். பியானோ இல்ல, கிட்டார் இல்ல. அப்ப ஃப்ளூட் சோலோ போறப்ப பின்னாடி கார்ட் யார் குடுக்குறது? ஹார்ப். ஒரு பியானிஸ்ட் உக்கார வேண்டிய நாற்காலில இவங்க உக்காந்திருக்காங்க. சும்மா மேல அலங்காரமா நாலு கிளிசாண்டோ (தந்தி மேல விரலை இழுத்து ஓட விடுறது) போட்டுட்டுப் போற வேலை கிடையாது, ரிதம் செக்‌ஷனோட பாதி பாரத்தை இவங்க தூக்குறாங்க. ராய் ஹெய்ன்ஸ் யாரு, பார்க்கர் கூட வாசிச்ச ஆளு, அவர் எதிர்ல ஹார்ப்ல கம்ப்பிங் (சோலோவுக்குப் பின்னாடி கார்ட் குடுக்கிறது) பண்றதுன்னா தாளத்துல ஒரு இம்மி பிசகக் கூடாது. ஆஸ்கர் பெட்டிஃபோர்டோட ‘பொஹீமியா ஆஃப்டர் டார்க்’ அதே ஆல்பத்துல இருக்கு. அதைக் கேட்டுட்டு, புதுமையை எடுத்துட்டா என்ன மிச்சம்னு நீங்களே சொல்லுங்க.

டெட்ராய்ட்வாசி

நான் மிச்சிகன்ல இருக்கேன், அதனால ஊர் பத்தி கொஞ்சம் சேத்துக்கறேன்.

ஆஷ்பி ஒரு தனி அதிசயமா வானத்துலேர்ந்து குதிச்ச மாதிரி நிறைய பேர் எழுதுறாங்க, அது அவங்களுக்கும் நியாயம் இல்ல, இந்த ஊருக்கும் நியாயம் இல்ல. கேஸ் டெக் ஒரு பப்ளிக் ஸ்கூல், பணக்காரப் பிள்ளைங்க படிக்கிற தனியார் கான்செர்வேட்டரி கிடையாது. அந்த ஸ்கூல்ல வெல்மா ஃப்ரூட்னு ஒரு டீச்சர் ஹார்ப் சொல்லிக் குடுத்தாங்க. ஹார்ப் விலை என்னன்னு நினைச்சுப் பாருங்க, ஒரு சாதாரண குடும்பம் கனவுல கூட வாங்க முடியாது, எடை முப்பத்தஞ்சு நாப்பது கிலோ. அந்த வாத்தியத்தை பள்ளிக்கூடமே வாங்கி வச்சு, ஆட்டோ பாக்டரில வேலை செய்றவங்க பொண்ணுங்க கையில குடுத்தாங்க. அங்கேர்ந்துதான் இந்தக் கதையே ஆரம்பிக்குது. டொனால்ட் பேர்ட், ரான் கார்ட்டர், பால் சேம்பர்ஸ்னு பெரிய ஜாஸ்காரங்க எல்லாம் அதே ஸ்கூல்தான். இப்ப பழைய கட்டடம் இல்ல, 2011ல இடிச்சுட்டாங்க, பக்கத்துல புதுக் கட்டடம், ஹார்ப் கிளாஸ் இன்னும் நடக்குது.

அதோட இந்த ஊர் அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சுன்னா, பேரி ஹாரிஸ், டாமி ஃப்ளானகன், கென்னி பரெல், எல்வின் ஜோன்ஸ், யூசெஃப் லத்தீஃப்னு ஜாஸ்காரங்க நிறைஞ்ச ஊரு. லத்தீஃப் ஓபோல (நாதஸ்வரம் மாதிரி சீவாளி வச்சு ஊதுறது) ப்ளூஸ் வாசிச்சவரு, அதுவும் ஜாஸ்ல யாரும் தொடாத வாத்தியம்தான். வித்தியாசமா ஒண்ணு எடுத்துட்டு வந்தா சிரிக்கிறதுக்கு முன்னாடி "சரி வாசி, கேப்போம்"னு சொல்ற ஊரு. பேக்கர்ஸ் கீபோர்ட் லவுஞ்ச் இன்னைக்கும் இருக்கு. ஆனா கறுப்பின மக்களோட கடைகள், கிளப்புகள் நிறைஞ்சிருந்த ஹேஸ்டிங்ஸ் தெரு, பாரடைஸ் வேலி, பிளாக் பாட்டம் எல்லாத்தையும் ஃப்ரீவே போடுறேன்னு அழிச்சுட்டாங்க. இப்ப அந்த இடத்து மேல கார்ல போறப்ப ஒரு அடையாளமும் தெரியாது. ஒரு கலைஞரை மறந்துட்டோம்னு பேசுறோம், அவங்க நடமாடின தெருவையே காணோம்.

ஹிப்ஹாப்_பித்தன்

@டெட்ராய்ட்வாசி இந்த ஸ்கூல் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி. கவர்மெண்ட் ஸ்கூல்ல ஹார்ப்!

நாப்பத்தேழு_தந்தி

சூழல் நல்லா இருந்துச்சுங்கறது பாதிதான் உண்மை டெட்ராய்ட்வாசி. சக கலைஞர்கள் ஏத்துக்கிட்டாங்க, ஆனா கிளப் முதலாளிகளும் கேக்க வர்றவங்களும் ஏத்துக்கல. ஹார்ப்னாலே யாருக்கும் ஆர்வம் இல்ல, அதுலயும் ஒரு கறுப்பினப் பெண் ஹார்ப் வாசிக்கிறதைப் பாக்க இன்னும் ஆர்வம் இல்லன்னு அவங்களே பின்னாடி பேட்டில சொல்லியிருக்காங்க. மூணு மடங்கு சுமைன்னு சொன்னாங்க. ஜாஸ்ல பெண், கறுப்பினப் பெண், அதுக்கும் மேல இந்த வாத்தியம். புக்கிங் கிடைக்காதப்ப டான்ஸ், கல்யாணம்னு போய் வாசிச்சிருக்காங்க, காசு வாங்காம ஷோ போட்டிருக்காங்க, மக்கள் காதுல முதல்ல விழட்டும்னு. அந்த எடையைத் தூக்கிட்டு ஊர் ஊரா போய் ஒவ்வொரு இடத்துலயும் டியூன் பண்ணி உக்காரணும், 47 தந்தி, டெம்பரேச்சர் மாறினா சுருதி போயிடும்.

இன்னொரு விஷயம் யாருமே பேசல, அவங்களும் புருஷன் ஜான் ஆஷ்பியும் சேந்து டெட்ராய்ட்ல ஆஷ்பி ப்ளேயர்ஸ்னு ஒரு நாடகக் குழு நடத்தினாங்க. ஜான் டிரம்மர், நாடகம் அவர் எழுதுவாரு, பாட்டும் மெட்டும் இவங்க. நடிக்கிறவங்க கறுப்பின மக்கள், கதையும் அவங்க வாழ்க்கைதான். பின்னாடி ஹாலிவுட்ல பேர் வாங்கின எர்னி ஹட்சன் கூட இந்த நாடகத்துல நடிச்சவருதான். பேப்பர்ல ஜாஸ் பத்தி எழுதியிருக்காங்க, ரேடியோல நிகழ்ச்சி பண்ணியிருக்காங்க. ஹார்ப்பிஸ்ட்னு ஒரே வார்த்தைல அடைக்கிறது எனக்கு மனசு ஒப்பல.

கொங்குநாட்டான்

ஆலிஸ் கோல்ட்ரேன் பேச்சு வந்ததால நான் உள்ள வர்றேன். எனக்கு ஆலிஸ்தான் பெருசு, அதுக்கு ஊர்ப்பாசமும் ஒரு காரணம். 1971ல வந்த ‘ஜர்னி இன் சத்சிதானந்தா’ இருக்குல்ல, அந்த சுவாமி சச்சிதானந்தா எங்க ஊர்க்காரரு, கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையம், 1914ல பிறந்தவரு. 1969 வுட்ஸ்டாக்ல ஆரம்ப உரை பேசினவரும் அவர்தான். புருஷன் ஜான் கோல்ட்ரேன் 1967ல போன பிறகு ஆலிஸ் ரொம்ப உடைஞ்சு போயிருந்த காலத்துல இவர்கிட்டத்தான் போய்ச் சேந்தாங்க. அந்தத் தம்பூரா சுருதியோட பாஸ் ஆரம்பிச்சு மேல ஹார்ப் அலை அலையா வர்றப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

ஆஷ்பி கேட்டேன், நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆலிஸ் என்னை எங்கயோ கொண்டு போறாங்க. ஆஷ்பி ஒரு நல்ல ரெஸ்டாரண்ட்ல உக்கார வைக்கிறாங்க. மன்னிக்கணும், எனக்குப் பட்டதைச் சொன்னேன்.

பழைய_எல்பி

கொங்குநாட்டான் அண்ணா, ஆலிஸ் மேல உங்க பாசம் புரியுது, எனக்கும் அந்த ஆல்பம் உசுரு. ஆலிஸும் டெட்ராய்ட்காரங்கதான், 1937, ஆஷ்பியை விட அஞ்சு வயசு சின்னவங்க. ஜான் கோல்ட்ரேன் வீட்டுக்குன்னு ஆர்டர் பண்ணின ஹார்ப் அவர் இறந்த பிறகுதான் வந்து சேந்துச்சு, அதுலதான் ஆலிஸ் வாசிக்க ஆரம்பிச்சாங்க. அந்தக் கதையே கேக்குறவங்க மனசைப் பிடிச்சுக்கும், ஆஷ்பிக்கு அப்படி ஒரு கதை இல்ல. அவங்க கதை வேலை, வேலை, வேலை.

ஆனா "ரெஸ்டாரண்ட்"னு சொன்னீங்களே, அதை நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு பேரும் வாத்தியத்துகிட்ட கேக்குறது வேற வேற. ஆலிஸ் மோடல், ஒரே ஸ்வரக் கட்டுல ரொம்ப நேரம் நிப்பாங்க, அங்க பெடல் ஒரு நிலைல இருந்தா போதும், தந்தியெல்லாம் ஒலிச்சிட்டே இருக்கட்டும்னு விட்டுடலாம், அந்தக் கடல் மாதிரி சத்தம் அதனாலதான் வருது. ஆஷ்பி நேர் எதிர், ஒலிக்கிறதை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு வாக்கியமா பேசுறாங்க. மெதுவான சத்தத்துல வாசிச்சா ஆழம் இல்லன்னு நமக்கு ஒரு நினைப்பு. ‘ருபாய்யாத்’ முழுசா கேட்டிருக்கீங்களா? 1970. ஓமர் கய்யாமோட பாட்டை அடிப்படையா வச்சு அவங்களே இசை அமைச்சு, அவங்களே பாடி, ஹார்ப் போதாம ஜப்பான் தந்தி வாத்தியம் கோட்டோவும், கட்டை விரலால மீட்டுற ஆப்பிரிக்கக் கலிம்பாவும் வாசிச்சு... ‘தி மூவிங் ஃபிங்கர்’ல அந்தக் கோட்டோ வர்ற இடத்தை ராத்திரி ஹெட்ஃபோன்ல கேட்டுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.

நீல_ஸ்வரம்

கேடட் லேபிள்ல வந்த மூணு ஆல்பம் (68, 69, 70) மூணுமே ரிச்சர்ட் எவன்ஸ் அரேஞ்ச்மெண்ட், சிகாகோ. அதுல பாதிப் பெருமை அவருக்குப் போகணும். ‘ஆஃப்ரோ ஹார்ப்பிங்’ல அந்தக் காலத்துப் பாப் ஹிட்டெல்லாம் ரெண்டு மூணு சேத்திருக்காங்க, ‘தி லுக் ஆஃப் லவ்’ மாதிரி, அதெல்லாம் கம்பெனி நெருக்கடியில வந்ததுன்னுதான் என் காதுக்குப் படுது. ஆனா ஃப்ரெடி ஹப்பர்டோட ‘லிட்டில் சன்ஃப்ளவர்’ அதுல இருக்கு பாருங்க, அது வேற லெவல், ஒத்துக்கறேன்.

‘இன் எ மைனர் க்ரூவ்’ஐ மறுபடி போட்டுக் கேட்டேன் எல்பி. பியானோ இல்லங்கறதை நான் அவ்ளோ கவனிச்சதில்ல. ஏன்னா அந்த இடம் காலியா இருக்கிற மாதிரியே தெரியல. உங்க கட்சிக்கு அதுதான் பலமான ஆதாரம்.

ஹிப்ஹாப்_பித்தன்

ஸ்டீவி வொண்டரை யாரும் சொல்லலையே! ‘சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்’, 1976, அதுல ‘இஃப் இட்ஸ் மேஜிக்’. அந்த ஆல்பம் முழுக்க எவ்ளோ வாத்தியம், எவ்ளோ ஆளுங்க, ஆனா இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ஸ்டீவி குரலும் ஆஷ்பியோட ஹார்ப்பும்தான் துணை, கடைசில அவரோட மவுத் ஆர்கன் கொஞ்சம். டிரம்ஸ் இல்ல, பாஸ் இல்ல. இவங்க கலிஃபோர்னியா போன பிறகு பாடகர் பில் விதர்ஸ்தான் ஸ்டீவிகிட்ட இவங்களை சொன்னாராம். பில் விதர்ஸோட 74 ஆல்பத்துலயும் வாசிச்சிருக்காங்க. உலகத்துல எத்தனை கோடிப் பேர் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பாங்க, அந்த விரல் யாரோடதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? பல வருஷம் கழிச்சு ஸ்டீவி அந்த ஆல்பம் முழுசையும் மேடையில பண்ணப்ப இந்தப் பாட்டுக்கு வேற ஆளை உக்கார வைக்காம ஆஷ்பி அன்னைக்கு வாசிச்ச ரெக்கார்டிங்கையே ஓட விட்டுப் பாடினாரு. அதைப் பாத்தப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

நாப்பத்தேழு_தந்தி

அந்தப் பாட்டை வாசிச்சுப் பாக்குற ஹார்ப்பிஸ்டுங்களுக்குத் தெரியும் அது எவ்ளோ கஷ்டம்னு. பாடுறவருக்கு தாளம் பிடிச்சுக்க வேற எதுவுமே இல்ல, ஹார்ப்தான் எல்லாம். அவர் இழுக்குறப்ப இவங்க காத்திருக்கணும், அவர் நகர்றப்ப இவங்க முன்னாடியே அங்க இருக்கணும். டெட்ராய்ட் கிளப்ல பியானோ இல்லாம வருஷக்கணக்கா வாசிச்சவங்களுக்குத்தான் அது வரும். எல்பி சொன்ன "57லேர்ந்து 65"ம் இந்த 76ம் தனித்தனி இல்ல, அங்க கத்துக்கிட்டதுதான் இங்க கேக்குது.

இன்னைக்கு யாருகிட்ட இருக்கு இந்த வழின்னு கேட்டா பிராண்டி யங்கர். நியூயார்க் ஹார்ப்பிஸ்ட். 2023ல ‘பிராண்ட் நியூ லைஃப்’னு ஆல்பம், முழுக்க ஆஷ்பியை மனசுல வச்சுப் பண்ணது, அதுல ஆஷ்பி எழுதி ரெக்கார்டே ஆகாம இருந்த பாட்டுங்களை எடுத்து வாசிச்சிருக்காங்க. பித்தன் தம்பிக்காக சொல்றேன், பீட் ராக்கும் நைன்த் வொண்டரும் அந்த ஆல்பத்துல இருக்காங்க. சாம்பிள் பண்ற உலகமும் ஹார்ப்பிஸ்ட் உலகமும் ஒரே இடத்துல உக்காந்து வேலை செஞ்சிருக்கு. சாம்பிளை நானும் குறை சொல்ல மாட்டேன், ஆனா சாம்பிள்னா மிஞ்சிப் போனா நாலு பார் (நாலு ஆவர்த்தனம் மாதிரி), அதுக்குள்ள ஒரு கம்போசரைப் பாக்க முடியாது. அவங்க எழுதி வச்சதை இன்னொருத்தர் எடுத்து வாசிக்கிறப்பதான் அவங்க கம்போசரா நம்ம முன்னாடி நிக்கிறாங்க.

டெட்ராய்ட்வாசி

இதே யங்கர்தான் ஆலிஸ் கோல்ட்ரேனோட அந்த ஹார்ப்பை ரிப்பேர் பண்ணி எடுத்த பிறகு அதுல வாசிச்சவங்க, போன வருஷம் வந்த அவங்க ஆல்பம் ‘காடபௌட் சீசன்’ (2025) அந்த வாத்தியத்துலயே பண்ணது. அதனால ஆலிஸா ஆஷ்பியான்னு நம்ம அடிச்சுக்கிறோம், வாசிக்கிறவங்க ரெண்டு பேரையும் தன்னோட ஆளாத்தான் வச்சிருக்காங்க.

கொங்குநாட்டான்

‘ருபாய்யாத்’ கேட்டேன். எல்பி தம்பி சொன்ன மாதிரி ராத்திரி, ஹெட்ஃபோன்ல. கோட்டோ வர்ற இடத்துல ரெண்டு தடவை பின்னாடி தள்ளிக் கேட்டேன். அவங்க குரல் நான் எதிர்பாக்காதது, அலட்டலே இல்லாம பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி பாடுறாங்க. ஆலிஸ் எனக்கு ஆலிஸ்தான், அது மாறாது. ஆனா இந்தம்மாவை நான் தனியா கேக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். எந்த வரிசையில கேக்குறது?

பழைய_எல்பி

அண்ணா, என் யோசனை இது. முதல்ல ‘இன் எ மைனர் க்ரூவ்’, அப்புறம் ‘ஹிப் ஹார்ப்’. இந்த ரெண்டுலயும் ஃப்ராங்க் வெஸ் ஃப்ளூட். ஹார்ப்பும் ஃப்ளூட்டும் ஏன் இவ்ளோ பொருந்துதுன்னு பாருங்க, ஹார்ப் மீட்டின உடனே தேய ஆரம்பிக்கும், ஃப்ளூட் நீட்டி நிக்கும், ரெண்டுமே மெல்லிய சத்தம், ஒண்ணு இன்னொண்ணை அமுக்காது. அதுக்கப்புறம் 61 ‘சாஃப்ட் விண்ட்ஸ்’, அதுல டெர்ரி பொல்லார்டுன்னு இன்னொரு டெட்ராய்ட் பெண் வைப்ரஃபோன் வாசிக்கிறாங்க, அவங்களைப் பத்தியும் தனி இழை போடலாம். 65 அட்லாண்டிக் ஆல்பத்துல ரிச்சர்ட் டேவிஸ் பாஸ், கிரேடி டேட் டிரம்ஸ், டிராம்போன்லாம் சேந்து பெருசா இருக்கும், ஹார்ப் அதுக்கு நடுவுல எப்படி நிக்குதுன்னு கேளுங்க. இதுக்கெல்லாம் பிறகு 68ம் 70ம் போங்க, அப்பதான் எவ்ளோ தூரம் வந்திருக்காங்கன்னு தெரியும். 57லேர்ந்து 65 வரைக்கும் உள்ள ஆறு ஆல்பத்தையும் 2023ல ‘வித் ஸ்ட்ரிங்ஸ் அட்டாச்ட்’னு ஒரே பாக்ஸ் செட்டா போட்டிருக்காங்க, விலை அதிகம், ஆனா ஆல்பங்கள்ல பெரும்பாலும் ஸ்ட்ரீமிங்ல இருக்கு.

கரகரப்பிரியன்

நானும் இந்த வரிசைலதான் ஆரம்பிச்சிருக்கேன், முதல் ஆல்பம் முடிச்சாச்சு. ஒரு விஷயம் கவனிச்சேன், சரியான்னு சொல்லுங்க. ஃப்ளூட் சோலோ முடிஞ்சு ஹார்ப் சோலோ எடுக்குறப்ப பின்னாடி கார்ட் குடுக்க யாருமே இல்ல, பாஸும் டிரம்ஸும்தான். அப்ப அவங்க வலது கைல ராகம் போயிட்டு இருக்க, நடுநடுவுல இடது கைல ரெண்டு மூணு ஸ்வரத்தை சேத்து வெட்டி வெட்டி வைக்கிறாங்க, உடனே அமுக்கிடறாங்க. அந்த அமுக்குற இடம்தான் தாளம் மாதிரி கேக்குது எனக்கு. 57 ஆல்பத்துலயும் இப்படித்தானா?

நாப்பத்தேழு_தந்தி

ரொம்ப சரியா பிடிச்சிருக்கீங்க சார். 57லயும் பியானோ கிடையாது, அதே வேலைதான். அங்க டிரம்ஸ் எட் திக்பென், பிரஷ்ல வாசிக்கிறதுல பெரிய கை, அதனால நீங்க சொன்ன அந்த அமுக்குறது இன்னும் தெளிவா கேக்கும். ஸ்பீக்கர்ல வேணாம், ஹெட்ஃபோன்ல கேளுங்க.